ஒன்பது முதல் பன்னிரண்டு வரை: சிறுபான்மை மாணவரோடு உடன் நடக்கும் பணி

(மாணவர், இளைஞர் அரங்க ஊழியர்களுக்கான கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 2009ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை குழந்தையைப் பள்ளியில் வைத்திருப்பது அரசின் கடமை என்று அந்தச் சட்டம் கூறுகிறது. எட்டாம் வகுப்போடு அதன் பொறுப்பு முடிந்துவிடுகிறது. ஏழைக் குடும்பத்தின் நெருக்கடியும் பட்டறை முதலாளியின் தேவையும் சரியாக அந்த வயதில்தான் கைகோத்துக்கொள்கின்றன. மாலேகானிலும் பிவண்டியிலும் விசைத்தறி, மொராதாபாத்தில் பித்தளைப் பட்டறை, பிரோசாபாத்தில் கண்ணாடி வளையல், வாரணாசியில் பட்டு நெசவு, முர்ஷிதாபாத்தில் வீட்டுக்குள் பீடி சுற்றும் வேலை, ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல், காலணித் தொழில். இவை அனைத்திலும் முஸ்லிம் உழைப்பாளிகள் பெருந்தொகையாக இருக்கிறார்கள். பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அங்கே உடனடியாக ஒரு வேலையும் வாரக்கூலியும் உண்டு. பள்ளியில் அவனுக்கு இருப்பதோ நான்கு ஆண்டுகள் கழித்து வரக்கூடிய, வராமலும் போகக்கூடிய ஒரு வாய்ப்பு. “படிப்பில் அக்கறையில்லாத சமூகம்” என்று போகிற போக்கில் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஆகவே சிறுபான்மை மாணவர்களை உயர்கல்வியை நோக்கியும் தலைமைப் பொறுப்பை நோக்கியும் வளர்த்தெடுப்பது என்றால், அது முதன்மையாக ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுகளைப் பற்றிய பணி. சட்டம் கைவிடும் இடமும், தொழிற்சந்தை கைபற்றி இழுக்கும் இடமும் அதுவே. இப்போது ஒன்றிய அரசு தன் நிதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டிருக்கும் இடமும் பெருமளவு அதுதான்.

நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழு 2005ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. 2006 நவம்பரில் அதன் அறிக்கை வெளிவந்தது. கட்சி வகுப்புகளில் அந்த அறிக்கையின் பெயர் அடிக்கடி உச்சரிக்கப்படுகிறது. அதன் பக்கங்கள் அந்த அளவுக்குப் புரட்டப்படுவதில்லை. முஸ்லிம் குழந்தைகள் எல்லோரும் மதரஸாவுக்குப் போகிறார்கள் என்ற பிரச்சாரத்தை அது உடைத்தது. பள்ளி வயது முஸ்லிம் குழந்தைகளில் மதரஸாவில் படிப்போர் சுமார் நான்கு சதவீதம் மட்டுமே. ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான முஸ்லிம் குழந்தைகளில் நான்கில் ஒருவர் பள்ளிக்கே போகாதவர் அல்லது இடையில் நின்றவர் என்றும் அது காட்டியது. நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளநிலை மாணவர் இருபத்தைந்து பேருக்கு ஒருவர், முதுநிலையில் ஐம்பது பேருக்கு ஒருவர் முஸ்லிம். ஐ.ஏ.எஸ். அதிகாரிகளில் மூன்று சதவீதம். இந்த எண்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், மேலே போகப் போகக் குறுகும் ஒரு கூம்பின் வடிவம் தெரியும். அந்தக் கூம்பு திடீரென்று ஒடுங்கும் இடம் உயர்நிலைப் பள்ளி. கல்லூரி வாசலில் நின்று இட ஒதுக்கீட்டுக்காகப் போராடுவது அவசியமே. ஆனால் அந்த வாசலுக்கு வந்து சேராதவரை அந்தப் போராட்டம் தொடுவதில்லை.

அறிக்கைக்குப் பிந்தைய ஆண்டுகளில் சில திட்டங்கள் வந்தன. 2008இல் ஒன்று முதல் பத்தாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர்களுக்கு உதவித்தொகை தொடங்கியது. பதினொன்றாம் வகுப்பு முதல் முனைவர் பட்டம் வரை மற்றொன்று. ஆராய்ச்சி மாணவர்களுக்கு 2009 முதல் மௌலானா ஆசாத் பெயரிலான நிதியுதவி. உயர்நிலை, மேல்நிலை வகுப்பு மாணவிகளுக்கு பேகம் ஹஸ்ரத் மஹல் பெயரிலான உதவித்தொகை: ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு 5,000 ரூபாய், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு 6,000 ரூபாய். பெருந்தொகை அல்ல. ஆயினும் சீருடை, புத்தகம், பேருந்துக் கட்டணம் ஆகியவற்றின் பெயரால் ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தும் குடும்ப வாதத்துக்கு அந்த 5,000 ரூபாய் ஒரு பதிலாக இருந்தது.

2022ஆம் ஆண்டு அந்தப் பதில்கள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர்களுக்கு இனி உதவித்தொகை இல்லை என்று அறிவிப்பு வந்தது. கட்டாயக் கல்விச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை இலவசக் கல்வி தருகிறதே என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். உரிமைச் சட்டத்தையே உதவியைப் பறிக்கும் கருவியாக்கிய இந்தச் சாமர்த்தியம் தனியாகக் கவனிக்கத்தக்கது. அப்படியானால் சட்டத்தின் பாதுகாப்பு இல்லாத ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு நிதியைக் கூட்டியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. இந்தத் திட்டத்துக்கான ஒதுக்கீடு 2022-23 பட்ஜெட்டில் 1,425 கோடி ரூபாய்; அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் 433 கோடி. 2022 டிசம்பரில் மௌலானா ஆசாத் ஆராய்ச்சி நிதியுதவி நிறுத்தப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அமைச்சர் ஸ்மிருதி இரானி அறிவித்தார். வெளிநாட்டுப் படிப்புக் கடனுக்கான வட்டி மானியம், போட்டித் தேர்வுப் பயிற்சிக்கான நயா சவேரா ஆகியவையும் அதே ஆண்டில் போயின. மாணவிகளுக்கான உதவித்தொகையை நடத்திவந்த மௌலானா ஆசாத் கல்வி அறக்கட்டளையை மூடும்படி 2024 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. 1989 முதல் இயங்கிய நிறுவனம் அது.

உதவித்தொகையில் முறைகேடு நடந்ததாக 2023இல் அமைச்சகமே 830 நிறுவனங்களைச் சுட்டிக்காட்டி, விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. முறைகேடு செய்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. திருடனைப் பிடிப்பதற்குப் பதிலாகத் திருட்டுக் கொடுத்தவரின் வீட்டுக்குப் பூட்டுப் போடுவதுதான் ஏற்க முடியாதது.

விளைவு என்ன? உயர்கல்வி பற்றிய அகில இந்திய ஆய்வின்படி 2019-20இல் 21 லட்சமாக இருந்த முஸ்லிம் மாணவர் எண்ணிக்கை 2020-21இல் 19.21 லட்சமாகக் குறைந்தது. பெருந்தொற்றுக் காலம்தான்; ஆனால் அதே ஆண்டில் பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட மாணவர்களின் எண்ணிக்கை உயர்ந்தது. அடுத்த ஆண்டு முஸ்லிம் மாணவர் எண்ணிக்கை மீண்டும் 21 லட்சத்தைத் தொட்டது. அப்போதும் மொத்த மாணவர்களில் அவர்களின் பங்கு ஐந்து சதவீதத்தைத் தாண்டவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களின் பங்கு 14.2 சதவீதம் என்பதை இதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும். உதவித்தொகை வெட்டின் முழுப் பாதிப்பு இந்த எண்களில் இன்னும் சேரவில்லை. 2022இல் ஏழாம், எட்டாம் வகுப்பில் இருந்தவர்கள் அப்போது கல்லூரிக்குப் போகும் வயதை எட்டவே இல்லை.

இந்தப் பின்னணியில் கட்சிக் கிளையோ மாணவர் அமைப்போ “வழிகாட்டல்” என்று எதைச் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். தன்னார்வ நிறுவனங்களும் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும் இதனை “மென்டரிங்” என்ற பெயரில் நடத்துகின்றன. பெரும்பாலும் அதன் வடிவம் ஒன்றே. வெற்றி பெற்ற ஒருவர் வருகிறார், ஒரு மணி நேரம் பேசுகிறார், கனவு காணச் சொல்கிறார், பொன்னாடை போர்த்தப்படுகிறார், படம் எடுக்கப்படுகிறது. அந்தப் படத்துக்கு வரிசையாக நிற்க ஆகும் நேரத்தில் இரண்டு மாணவர்களின் உதவித்தொகை விண்ணப்பத்தை முடித்துவிடலாம்.

இதைவிட உண்மையான உழைப்பு கொண்ட ஒரு முறையும் உண்டு. திறமையான சிலரைத் தேர்வு வைத்துப் பொறுக்கியெடுத்து, தங்குமிடமும் உணவும் பயிற்சியும் தந்து ஐ.ஐ.டி., மருத்துவக் கல்லூரி, ஆட்சிப் பணி ஆகியவற்றுக்கு அனுப்புவது. பாட்னாவில் மௌலானா வலி ரஹ்மானி தொடங்கிய ரஹ்மானி 30 இத்தகையது. டெல்லியில் ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தின் உறைவிடப் பயிற்சி மையம் சிறுபான்மையினர், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள், பெண்கள் ஆகியோருக்குக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி தருகிறது; 2021ஆம் ஆண்டுத் தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பெற்ற ஸ்ருதி சர்மா அங்கே பயின்றவர். இந்த முயற்சிகளை இகழ வேண்டியதில்லை. வகுப்புவாதிகள் அவற்றை “ஜிகாத்” என்று தூற்றியபோது கட்சி அவற்றின் பக்கம் நின்றது சரியே. ஆனால் முப்பது பேரைத் தேர்ந்தெடுக்கும் முறை, அந்த முப்பது பேரை அவர்களின் வகுப்பறையிலிருந்து பிரித்தெடுத்துத்தான் செயல்பட முடியும். வகுப்பறையில் மிஞ்சியிருப்பவர்களுக்கு அது பதில் சொல்வதில்லை. அது அதன் நோக்கமும் அல்ல. இடதுசாரி இயக்கத்தின் நோக்கம் அந்த மிஞ்சியவர்கள்தான்.

இதற்கு நேர்மாறான ஓர் அனுபவம் நாட்டில் இருக்கிறது. அது மலப்புரம். சற்று விரிவாகவே பார்க்கலாம், ஏனெனில் அது தமிழ்நாட்டுத் தோழர்களுக்குப் பக்கத்து வீடு.

மலப்புரம் மாவட்டம் 1969 ஜூன் 16 அன்று இ.எம்.எஸ். தலைமையிலான அரசால் உருவாக்கப்பட்டது. பின்தங்கிய பகுதிக்கு நிர்வாகம் அருகில் வர வேண்டும் என்ற கோரிக்கையை “மாப்பிளஸ்தான்” என்று ஜனசங்கம் தூற்றியது. அதற்கு முந்தைய ஆண்டு, அதே அமைச்சரவையில் சி.எச்.முகமது கோயா கல்வி அமைச்சராக இருந்தபோது, கோழிக்கோடு பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதன் வளாகம் அமைந்துள்ள தேஞ்ஞிப்பலம் இன்று மலப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. 1948இல் தொடங்கிய பரூக் கல்லூரி, 1964இல் மருத்துவர் பி.கே.அப்துல் கபூர் தொடங்கிய முஸ்லிம் கல்விச் சங்கம், வளைகுடா நாடுகளிலிருந்து வந்த உழைப்பின் பணம், வாசகசாலைகள் ஆகிய யாவும் சேர்ந்து அந்தப் பகுதியை மாற்றத் தொடங்கின.

ஆயினும் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சியில் அந்த மாவட்டம் நீண்ட காலம் மாநிலத்தின் கடைசி வரிசையில்தான் நின்றது. 1996இல் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தால் உள்ளாட்சிகளின் கைக்குத் திட்ட நிதி வந்தது. அரசு உயர்நிலைப் பள்ளிகள் மாவட்ட ஊராட்சியின் பொறுப்புக்கு வந்திருந்தன. அந்த அதிகாரத்தைக் கொண்டு மலப்புரம் மாவட்ட ஊராட்சி 2000களின் தொடக்கத்தில் “விஜயபேரி” என்ற திட்டத்தைத் தொடங்கியது. அந்த ஊராட்சியை நடத்தியது முஸ்லிம் லீக் தலைமையிலான அணி. அதனால் அதைப் பாராட்டக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. பின்தங்கிய மாணவர்களுக்குத் தனி வகுப்பு, தேர்வுக்கு முந்தைய மாதங்களில் மாலையிலும் இரவிலும் பள்ளியிலேயே படிப்பு முகாம், பெற்றோர் கூட்டம், ஊரார் உதவி என்று அது நடந்தது. அதன் சிறப்பு ஒன்றே: வகுப்பில் முதல் மாணவரை அது தேடவில்லை, தோற்கக்கூடிய மாணவரைத் தேடியது. அரசுப் பள்ளியை விட்டு யாரையும் வெளியே எடுத்துச் செல்லவில்லை; அரசுப் பள்ளிக்குள்ளேயே எல்லோரோடும் நின்றது. முஸ்லிம் மாணவர் பெரும்பான்மையாக உள்ள அந்த வகுப்பறைகளில் ஈழவ மாணவரும் தலித் மாணவரும் அதே முகாமில் அமர்ந்து படித்தனர். இன்று எல்லாப் பாடங்களிலும் ஏ பிளஸ் பெறும் மாணவர்கள் எண்ணிக்கையில் மாநிலத்திலேயே முன்வரிசையில் நிற்பது மலப்புரம்.

அங்கே அடுத்த நெருக்கடி தொடங்கியது. பத்தாம் வகுப்பில் தேறியவர்கள் அனைவருக்கும் பிளஸ் ஒன் இடம் இல்லை. தென் மாவட்டங்களில் இடங்கள் காலியாகக் கிடக்க, மலபாரில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகள் சேர்க்கைப் பட்டியலுக்காகக் காத்துக் கிடந்தனர். 2024 ஜூனில் இந்தப் பிரச்சினைக்காகத் தெருவில் இறங்கிய அமைப்புகளில் இந்திய மாணவர் சங்கமும் ஒன்று. ஆட்சியில் இருந்தது இடது ஜனநாயக முன்னணி. அடுத்த மாதம் அரசு 138 தற்காலிக வகுப்புகளை அறிவித்தது. அவற்றில் 120 மலப்புரத்துக்கு, 18 காசர்கோட்டுக்கு. தன் பக்கத்து அரசிடமும் மாணவர் அமைப்பு கோரிக்கை வைக்கத்தான் வேண்டும் என்பதற்கு இது உதாரணம். ஆனால் அந்த அறிவிப்பில் உள்ள “தற்காலிக” என்ற சொல்லைத் தோழர்கள் கவனிக்கத் தவறக் கூடாது. மாணவரை எழுப்பிவிட்டு இடத்தைத் தராமல் விடுவது, எழுப்பாமல் விடுவதைவிடக் கொடுமையான ஏமாற்றம். அந்த ஏமாற்றத்தை அறுவடை செய்ய அடையாள அரசியல் நடத்துவோர் காத்திருக்கிறார்கள்.

மேற்கு வங்கத்தின் அனுபவம் இன்னும் கசப்பானது. அதைத் தவிர்த்துவிட்டு இந்தப் பொருளைப் பேசுவது நேர்மையாகாது. நிலச் சீர்திருத்தத்தால் முஸ்லிம் விவசாயிகள் நிலம் பெற்றனர். இடது முன்னணியின் ஆட்சிக் காலத்தில் வகுப்புக் கலவரம் தலைதூக்க முடியவில்லை. அங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட உயர்நிலை மதரஸாக்கள் பொதுப் பாடத்திட்டத்தைக் கற்பிப்பவை, முஸ்லிம் அல்லாத மாணவர்களும் படிப்பவை. இவை சிறிய சாதனைகள் அல்ல. ஆனால் மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்காக இருந்த முஸ்லிம்களின் அரசுப் பணிப் பங்கு அதனருகில் வரவே இல்லை என்பதைச் சச்சார் அறிக்கை காட்டியது. நிலம் பெற்ற விவசாயியின் மகன் உயர்நிலைப் பள்ளியைத் தாண்ட என்ன ஏற்பாடு இருந்தது என்ற கேள்விக்கு அங்கே போதிய பதில் இல்லை. 2010இல் இடது முன்னணி அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பிரிவுகளுக்கு இட ஒதுக்கீட்டை விரிவாக்கியது. சரியான முடிவு, தாமதமாக வந்த முடிவு. 2010 முதல் சேர்க்கப்பட்ட பிரிவுகளின் தகுதியை 2024 மே மாதம் கொல்கத்தா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சான்றிதழை நம்பிப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதியிருந்த பிள்ளைகளுக்கு அந்தக் கோடை எப்படிக் கழிந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கேரளத்தில் 2008இல் பாலொளி முகமது குட்டி குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து முஸ்லிம் இளைஞர்களுக்கான அரசுப் பயிற்சி மையங்களும் மாணவியருக்கான உதவித்தொகையும் ஏற்படுத்தப்பட்டதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மாணவிகளின் நிலையைத் தனியாகப் பேச வேண்டும். 1911ஆம் ஆண்டு கொல்கத்தாவில் ரொக்கேயா சகாவத் ஹுசைன் முஸ்லிம் பெண்களுக்கான பள்ளியை எட்டு மாணவிகளோடு தொடங்கினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு பாகல்பூரில் ஐந்து மாணவிகளோடு தொடங்கியது அந்த முயற்சி. வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசினார். பர்தா முறையைத் தம் எழுத்தில் கடுமையாகச் சாடியவர் அவர். அதே அவர், மாணவிகளைப் பள்ளிக்கு அழைத்துவர மூடிய வண்டியை ஏற்பாடு செய்தார். திரையோடு வந்தாலும் பரவாயில்லை, பெண் வகுப்பறைக்குள் வந்து சேர வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. உள்ளே வந்த பிறகு அவள் தன் முடிவைத் தானே எடுத்துக்கொள்வாள்.

நூறு ஆண்டுகள் கழித்து, 2022 பிப்ரவரியில் கர்நாடகத்தின் பாஜக அரசு அந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. உடுப்பியில் அரசு மகளிர் பியு கல்லூரியில், அதாவது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் படித்த மாணவிகள் தலைத்துணியோடு வந்ததற்காக வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். மார்ச் 15 அன்று உயர் நீதிமன்றம் அரசாணையை ஆதரித்தது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். நீதிபதி சுதான்சு தூலியா, தலைத்துணிக்காகக் கல்வியை மறுத்து அந்தப் பெண்ணின் வாழ்வை மேம்படுத்திவிட முடியுமா என்ற திசையில் தம் தீர்ப்பை எழுதினார். தலைத்துணி பற்றிப் பெண்ணுரிமை நோக்கில் கட்சிக்குள் விவாதம் இருக்கலாம். வாசலில் நிறுத்தப்பட்ட மாணவியின் முன் அந்த விவாதத்தை நடத்துவது எதிரிக்கு உதவுவதாகும்.

உடுப்பியில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அந்த மாணவிகளின் வயது. பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்கள் செய்தியாளர் முன்பு பேசினார்கள், நீதிமன்றத்துக்குப் போனார்கள், தேர்வை இழக்கும் அபாயத்தை ஏற்றார்கள். தலைமைப் பண்பை யாரும் அவர்களுக்குப் பயிற்சிப் பட்டறையில் கற்றுத்தரவில்லை. அநீதி வந்து கதவைத் தட்டியபோது அது வெளிப்பட்டது. இந்த நாட்டில் சிறுபான்மை மாணவர் தலைமை ஏற்பதற்கு ஒரு விலை உண்டு என்பதும் உண்மை. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டத்துக்குப் பிறகு 2020இல் ஜாமியா, ஜேஎன்யு மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் ஊபா சட்டத்தில் கைதாயினர். உமர் காலித் விசாரணை முடியாமலேயே ஆண்டுக் கணக்கில் சிறையில் வைக்கப்பட்டார். “படிக்கப் போன பிள்ளை வழக்கில் மாட்டிக்கொள்ளுமோ” என்று அஞ்சும் பெற்றோரிடம் கிளைத் தோழர்கள் அந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்கக் கூடாது. அது அனுபவத்திலிருந்து வரும் அச்சம்.

அதனாலேயே ஒரு எல்லைக்கோடு தேவை. ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் உறுப்பினர் சேர்க்கைப் படிவத்தைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்துக் கொடுக்கக் கூடாது. உதவித்தொகை விண்ணப்பம் எழுதித் தந்ததற்குக் கைம்மாறாக ஊர்வலத்தில் ஆள் கேட்பது, மதவாத அமைப்புகள் செய்யும் வேலைக்கும் கட்சிப் பணிக்கும் இடையிலான வேறுபாட்டை அழித்துவிடும். இதனால் அமைப்பு வளராது என்று சில தோழர்கள் கருதலாம். நான்கு ஆண்டுகள் கைம்மாறு கேட்காமல் உடன் நின்றவர்களின் அரசியல் என்ன என்று அந்தக் குடும்பமே ஒரு நாள் விசாரிக்கும். அந்த விசாரிப்புக்காகக் காத்திருக்கும் பொறுமை அமைப்புக்கு வேண்டும்.

முஸ்லிம் மாணவருக்குத் தனி வகுப்பு, கிறிஸ்தவ மாணவருக்குத் தனி வகுப்பு என்று பிரிக்கவும் கூடாது. ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் படிக்கும் தலித் மாணவரும் நெசவாளர் வீட்டுப் பிள்ளையும் அவர்களோடு அதே அறையில் அமர வேண்டும். அதற்காகச் சிறுபான்மை மாணவரின் தனிப் பிரச்சினையைப் பொதுப் பிரச்சினைக்குள் கரைத்துவிடவும் முடியாது. பெயரையே எடுத்துக்கொள்ளலாம். ஒரே மாணவரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் முகமது, பள்ளிப் பதிவேட்டில் முஹம்மது, ஆதாரில் மொகமத், வங்கிக் கணக்கில் “எம்.டி.” என்ற இரண்டெழுத்துச் சுருக்கம். உதவித்தொகை இணையதளம் இந்த நான்கு பேரையும் நான்கு மனிதர்களாகவே கருதும். விண்ணப்பம் நின்றுவிடும். குடியுரிமையே ஆவணங்களால் அளக்கப்படும் காலத்தில் இந்த எழுத்து வேறுபாடு உதவித்தொகையோடு நிற்பதும் இல்லை. ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்தில், பொதுத்தேர்வுக்குப் பெயர் பதிவாகும் முன்பே, இதைச் சரிசெய்ய ஒருவர் குடும்பத்தோடு பள்ளிக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைய வேண்டியிருக்கிறது. கூலி வேலையை விட்டுவிட்டு மூன்று நாள் அலைய அந்தத் தந்தையால் முடியாது. கிளையால் முடியும்.

தலித் கிறிஸ்தவ மாணவரின் பிரச்சினை வேறு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே இந்தப் பாகுபாட்டை நீக்கப் பரிந்துரைத்தது. சேரியில் ஒரே தெருவில் வாழும் இரண்டு மாணவிகளில் ஒருத்தி பட்டியல் சாதி மாணவிக்கான ஒன்றிய அரசு உதவிக்கு உரியவள், தேவாலயத்துக்குப் போகும் மற்றவள் உரியவள் அல்லள். பத்தாம் வகுப்பு முடித்து வரும் மாணவியிடம் எந்த விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும் என்று சொல்லப் போகும் தோழர் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். அது ஏன் இருக்கிறது என்று அவளுக்கு விளக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

தலைமைப் பண்பு வளர்வது இத்தகைய இடங்களில்தான். எல்லா விண்ணப்பங்களையும் தோழரே நிரப்பித் தந்தால் நான்கு ஆண்டுகள் கழித்தும் அந்த மாணவர் பயனாளியாகவே இருப்பார். முதல் விண்ணப்பத்தைத் தோழர் நிரப்பட்டும்; இரண்டாவதை மாணவர் நிரப்பட்டும்; மூன்றாவதை அந்த மாணவர் தன் பக்கத்து இருக்கைக்காரருக்கு நிரப்பித் தரட்டும். பள்ளியின் பொறுப்பு அலுவலர் இணையதளத்தில் சரிபார்க்காமல் காலக்கெடு கடந்தால், தலைமை ஆசிரியரிடம் போய்க் கேட்பது மாணவர்களாக இருக்கட்டும். வகுப்பில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு வந்தது, வராததற்குக் காரணம் என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்றோர் பெயரில் ஒரு மனு எழுதச் செய்யலாம். பதினாறு வயதில் அரசு அலுவலகத்திடமிருந்து எழுத்துப்பூர்வமான ஒரு பதிலைப் பெற்ற பிள்ளைக்குத் தன்னம்பிக்கைச் சொற்பொழிவு எதுவும் தேவைப்படாது.

பன்னிரண்டாம் வகுப்பில் வேலை இரட்டிப்பாகிறது. 2022 முதல் ஒன்றியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைச் சேர்க்கை க்யூட் நுழைவுத் தேர்வின் மூலம் நடக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த ஏழை மாணவருக்கு இது ஒரு புதிய மதில் என்பதால் கட்சி அதை எதிர்க்கிறது. எதிர்ப்பதாலேயே இந்த ஆண்டு அந்தத் தேர்வை எழுத வேண்டிய மாணவியைக் கைவிட முடியாது. அந்தத் தேர்வையும் நீட் தேர்வையும் உருதுவில் எழுத வழி இருக்கிறது. ஆனால் உருது வழியில் பயின்று வந்தவர் கல்லூரியில் சந்திப்பது ஆங்கில விரிவுரையை. முதல் பருவத் தேர்வில் தோற்று, சொல்லாமல் கொள்ளாமல் ஊர் திரும்பி, உறவினர் கடையில் அமர்ந்துவிடும் மாணவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் தனியாகத் தெரிவதில்லை. சேர்க்கைக் கடிதம் வந்தவுடன் பணி முடிந்துவிட்டதாக எண்ணாமல், அந்த முதல் பருவம் முடியும் வரை, அந்த நகரத்தில் உள்ள மாணவர் அமைப்புத் தோழர்களிடம் அந்த மாணவரை ஒப்படைத்து, விடுதி, நூலகம், மூத்த மாணவரின் பழைய குறிப்பேடுகள் வரை விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும். அகில இந்திய அமைப்பு என்பதன் பயன் இங்கே தெரிய வேண்டும். அலிகாரிலோ ஹைதராபாத்திலோ இடம் கிடைத்த வாணியம்பாடி மாணவியை ரயில் நிலையத்தில் எதிர்கொள்ள ஒருவர் இருப்பார் என்று அவளுடைய தாயிடம் உறுதிகூற எத்தனை அமைப்புகளால் முடியும்?

அந்த மாணவி முதல் கோடை விடுமுறைக்கு ஊர் வரும்போது, அவள் படித்த அதே பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலை அவளிடம் கொடுக்கலாம். யார் பெயரில் எழுத்து மாறியிருக்கிறது, யார் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டார், யாருடைய வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பதைத் தோழர்களைவிட அவளே விரைவாகச் சொல்லிவிடுவாள். கிளைச் செயலாளர் சைக்கிளோடு வாசலில் நின்றால் போதும்.